ஏறி இறங்கும் வேலை

எங்கள் கம்பெனியில் ஆர்டர் நின்றுபோன சமயத்தில் எனக்குப் பேருந்தில் உட்கார்ந்திருக்கும் வேலை கிடைத்தது. சொன்னால் சிரிக்கிறார்கள். பன்னிரண்டு நாள், காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை, எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசியம் இல்லாமல் திருப்பூருக்குள்ளேயே பயணம் செய்துகொண்டிருந்தேன்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வருகிற உருப்படியை மேசையில் விரித்து, தையல் விட்டுப்போன இடம், எண்ணெய்க் கறை, ஊசி குத்திய ஓட்டை எல்லாவற்றையும் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. எட்டு வருடமாக டியூப்லைட்டுக்கு அடியில் நின்று அதையே பார்த்த கண். அந்த வருடம் ஏதோ ஒரு நாட்டில் வரியை ஏற்றிவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. மூன்று வாரத்தில் தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மேசையில் பார்ப்பதற்குத் துணி இல்லை. வடக்கத்திப் பையன்கள் பாதிப் பேர் ரயிலேறிவிட்டார்கள். மிச்சம் இருந்த நாங்கள் காலையில் வந்து, பாத்திரம் கழுவுவது போல மிஷின்களைத் துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் நகரத்துக்குப் புதிதாக மின்சாரப் பேருந்து வந்தது. பல்லடம் சாலையில் புறப்பட்டு, ஊருக்குள் புகுந்து, நொய்யலையும் ரயில் பாதையையும் தாண்டி, அவினாசி சாலை வரைக்கும் போகிற ஒரே தடம். தாழ்வான தரை, தானாகத் திறந்து மூடும் கதவு, திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல், உள்ளே ஏசி. நிறுத்தத்தில் மட்டும்தான் நிற்கும், கை காட்டினால் நிற்காது. ஊருக்கு விடுவதற்கு முன்னால் அதை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. மணல் மூட்டைகளை ஏற்றி எடை பார்த்தாகிவிட்டது. ஆனால் கதவுக்கு மேலே ஒரு கேமரா இருந்தது. எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று அது எண்ண வேண்டும். மூட்டை ஏறி இறங்காது. அதற்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். எங்கள் ஓனர் யாரோ தெரிந்தவர் மூலம் முப்பது பேர் தருவதாக ஒப்புக்கொண்டு வந்துவிட்டார்.

முதல் நாள் காலையில் எங்களை அனுப்பிவைக்க அவரும் வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, காதில் எப்போதும் ஃபோன். எட்டு வருடத்தில் என்னிடம் அவர் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மேற்பார்வைக்கு வந்திருந்த பெண் இன்ஜினியர் சென்னைக்காரர், சின்னப் பெண்தான். எல்லாருக்கும் கழுத்தில் தொங்கவிட எண் போட்ட அட்டை கொடுத்தார். பன்னிரண்டாம் நம்பர் வரவில்லை. மடிப்புப் பிரிவில் இருக்கும் பெண் அவள், காய்ச்சல் என்று படுத்துவிட்டாள். ஓனர் இரண்டு மூன்று பேருக்கு ஃபோன் போட்டுப் பார்த்தார். அப்புறம் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அந்த நம்பரைக் குடுங்க, நானே ஏறிக்கிறனுங்க" என்றார். இன்ஜினியருக்கு அவர் யாரென்று தெரியாது. அட்டையைக் கொடுத்துவிட்டார்.

என் அட்டையில் பதினொன்று. அதனால் ஜன்னலோரம் நானும் என் பக்கத்தில் அவருமாக உட்கார வேண்டியதாயிற்று.

கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, சேலை முந்தானை கூட அவர் பக்கம் போகாதபடி இழுத்துப் பிடித்துக்கொண்டேன். கம்பெனியில் நான் அவரைச் சார் என்று கூப்பிடுவேன். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கும். எங்கள் ஊர் கணியூர்ப் பக்கம். அங்கே இவரைப் போன்ற தோட்டத்துக்காரர் வழியில் வந்தால் என் அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிடுவார். சாமி என்றுதான் கூப்பிடுவார். திருப்பூரில் எல்லாரும் சார்தான், எல்லாரும் அண்ணாதான்.

பேருந்து சத்தமில்லாமல் நகர்ந்தது. வெளியே இருந்த கடை ஒன்று பின்னால் போவதைப் பார்த்துத்தான் புறப்பட்டதைத் தெரிந்துகொண்டேன். டிரைவர் பல வருடம் டவுன்பஸ் ஓட்டியவர். அவருடைய இடது கை ஒவ்வொரு திருப்பத்திலும் இல்லாத கியரைத் தேடிப் போய், வெறும் காற்றைப் பிடித்துவிட்டுத் தொடையில் வந்து உட்கார்ந்தது. வண்டி வருவது வெளியே ஒருவருக்கும் கேட்கவில்லை. கட்டிங் துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடுரோட்டில் போன ஒருவர் திரும்பியே பார்க்காமல் போனார். அவருக்குப் பின்னால் நாங்கள் முப்பது பேரும் மெதுவாக ஊர்ந்து போனோம்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் எங்கள் வேலை ஒன்றுதான். கதவு திறக்கும். பாதிப் பேர் இறங்கி, வெளியே பத்து எண்ணிவிட்டு, மறுபடி ஏற வேண்டும். அடுத்த நிறுத்தத்தில் மற்றப் பாதி. இறங்கும்போது ஒருவர், ஏறும்போது இன்னொருவர் என்று கேமரா நினைத்துக்கொள்ளும். நிறுத்தத்தில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சிலர் கூடவே ஏறப் பார்த்தார்கள், இன்ஜினியர் கையெடுத்துக் கும்பிட்டு இறக்கிவிட்டார். நிறுத்தம் இல்லாத இடங்களில் ஜனங்கள் கை காட்டிவிட்டு, நிற்காமல் போகிற வண்டியின் பக்கவாட்டில் தட்டினார்கள். உள்ளே அது எங்கோ அடுத்த தெருவில் யாரோ துணி துவைப்பது போலக் கேட்டது.

கணக்கு ஒரு நாளும் சரியாக வரவில்லை. சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியிருந்தவளை இரண்டு பேர் என்று எண்ணியது. என்னை எண்ணவே இல்லை. நான் குள்ளம். இரண்டாம் நாள் இன்ஜினியர் என்னை மட்டும் தனியாக ஏழெட்டு முறை ஏறி இறங்கச் சொன்னார். எண்ணிக்கை காட்டும் அவர் கைத்திரையில் பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. "நீங்க பஸ்ஸுல இல்லைங்க" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் சீட்டில் வந்து உட்கார்ந்து கண்ணாடிக்கு வெளியே பார்த்தபோது, இல்லாத ஒருத்தி போவது போலத்தான் எனக்கும் இருந்தது. மூன்றாம் நாள் கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தார்கள்.

திருப்பூருக்குக் கல்யாணமாகி வந்து பதினாறு வருடம் ஆகிறது. ஊடு விட்டால் கம்பெனி, கம்பெனி விட்டால் ஊடு, ஞாயிற்றுக்கிழமை சர்ச், சந்தை. பகல் பதினோரு மணிக்கு இந்த ஊர் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே கிடையாது. மாடிப்படிகளில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டும் பெண்கள், மூடிய ஷட்டருக்கு முன்னால் வெயில் காய்கிற நாய், வண்டி வண்டியாகக் கழிவுத் துணி, அதன் மேல் படுத்துத் தூங்கும் ஒரு மனிதர். மஞ்சள் துணி ஏற்றிய மூன்று சக்கர வண்டி எங்களோடு சமமாக வந்து, ஒரு சந்துக்குள் திரும்பி, மஞ்சள் நிறத்தை மட்டும் கண்ணில் விட்டுவிட்டுப் போனது. ராயபுரத்தை ஒட்டி வண்டி திரும்பும் இடத்தில் எங்கள் லைன் வீட்டு மொட்டைமாடி தெரியும். முந்தின நாள் நான் காயப்போட்ட ஊதாச் சேலை கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. யாருடைய வீடோ, யாரோ நன்றாகத்தான் வாழ்கிறார்கள் போலிருக்கிறது என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்புறம்தான் அது என் சேலை என்று மனசில் ஏறியது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் எல்லாரும் தூங்கிவிடுவார்கள். குளிர்ந்த காற்று, குலுங்காத வண்டி. நிறுத்தம் வந்ததும் இன்ஜினியர் கைதட்டுவார். பாதித் தூக்கத்தில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டே பத்து எண்ணி, மறுபடி ஏறித் தூங்குவோம். சில சமயம் வெயிலில் நின்று எண்ணியது கனவா, உள்ளே உட்கார்ந்திருப்பது கனவா என்று தெரியாது.

ஓனர் தூங்கவில்லை. முதல் இரண்டு நாள் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அது அடிக்கவில்லை. நான்காம் நாள் அதைப் பைக்குள் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "அம்மணிக்கு ஊரு எந்தப் பக்கமுங்க?"

"கணியூர்ப் பக்கமுங்க சார்."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் பூர்வீகமும் உடுமலைப்பேட்டைக்கு இந்தப் பக்கம்தான் என்றார். வாய்க்காலை ஒட்டிய தென்னந்தோப்பு, நடுவில் கல் கிணறு, தூரத்தில் காற்றாலைகள் என்று அடையாளம் சொல்லி, அந்தத் தோட்டம் தெரியுமா என்று கேட்டார். அந்தக் கிணறு எனக்குத் தெரியும். என் அம்மா அந்தத் தோட்டத்தில் களை வெட்டினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து வரப்போரத்தில் நான் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தாகம் என்றால் மேட்டில் நின்றபடி ஊற்றுவார்கள், நாங்கள் கையைக் குவித்துக் குடிப்போம். தெரியாதுங்க என்று சொல்லிவிட்டேன்.

ஏழாம் நாள், உச்சி வெயிலில், நொய்யல் பாலத்தின் நடுவில் வண்டி நின்றது.

முதலில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஓடும்போதும் சத்தமில்லை, நின்றபோதும் சத்தமில்லை. தலைக்கு மேலே வந்துகொண்டிருந்த குளிர்காற்று மெல்ல நின்றபோதுதான் பெண்கள் ஒவ்வொருவராகக் கண் விழித்தார்கள். டிரைவர் எதை எதையோ அழுத்திப் பார்த்தார். கதவு திறக்கவில்லை. அவசரத்துக்குத் திறக்கும் பிடி ஒன்று இருந்தது. அதை இழுத்தபோது புதுப் பிளாஸ்டிக் உறையோடு கையில் வந்ததே தவிரக் கதவு அசையவில்லை. இன்ஜினியர் ஃபோனில் பேசினார். பத்து நிமிடத்தில் வெளியிலிருந்து ஆள் வந்து திறந்துவிடுவார்கள், யாரும் பயப்பட வேண்டாம் என்றார். கண்ணாடியை உடைக்கும் சுத்தியலைப் பார்த்தார், புது வண்டி, ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது. அதில் கை வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

பத்து நிமிடம் இருபது நிமிடம் ஆனது. கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வந்து நிறைந்தது. கீழே ஆற்றில் கோரைப்புல்லுக்கு நடுவே கொக்குகள் நின்றுகொண்டிருந்தன. அவற்றுக்குக் காற்று வீசுவது இறகு அசைவதில் தெரிந்தது. எங்கள் பக்கம் ஒரு மூச்சுக் காற்று இல்லை. பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். பின்சீட்டில் ஒருத்தி மெதுவாக ஜெபம் சொன்னாள்.

பக்கத்தில் ஓனரின் கால் நடுங்குவது சீட்டில் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். சட்டை முழுவதும் நனைந்து, முகம் வெளுத்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து கதவுக்குப் போய் இரண்டு கையாலும் அதைப் பிளக்கப் பார்த்தார். உடைங்க, கண்ணாடிய உடைங்க என்று சொல்ல வந்தார், பாதிக்கு மேல் குரல் வரவில்லை. கால் மடங்கிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரும் கிட்டே போகவில்லை. முதலாளியைத் தொடலாமா கூடாதா என்று எல்லாரும் நின்றார்கள்.

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக, ஐஸ் போலிருந்தது. என் பையனுக்குச் சின்ன வயதில் இழுப்பு வரும்போது சொல்வதையே என் வாய் சொல்லிற்று.

"ஒண்ணுமில்ல கண்ணு. வெளிய பாரு. அந்தக் கொக்கு பாரு. மெதுவா மூச்சு உடு கண்ணு."

அவர் கொக்கைப் பார்த்தார். நான் சொல்லச் சொல்ல மூச்சு விட்டார். என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை. வாய் வைத்துக் குடித்தார். பாதி பாட்டில் காலியானது. மீதியை நான் குடித்தேன். ரொம்பத் தாகமாக இருந்தது.

கதவைத் திறக்க ஆள் வந்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. எல்லாரும் பாலத்தில் இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு காற்று வாங்கினார்கள். அவர் யாரையும் பார்க்காமல் ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறிப் போய்விட்டார். அப்போதுதான் என்னோடு வேலை செய்கிறவள் ஒருத்தி என் காதருகே வந்து, ஓனரையாடி கண்ணுன்னு கூப்பிட்டே என்று கேட்டாள். அது வரை எனக்கே அது உறைக்கவில்லை.

அன்று வீட்டில் சமைத்தேன், பரிமாறினேன், என்ன சமைத்தேன் என்று ஞாபகமில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆபத்துக்குச் சொன்னதுதானே, வேலையை விட்டு எடுத்துவிடுவாரா என்ன என்று ஆறுதல் சொன்னார். அவருக்கும் நம்பிக்கை இல்லை என்பது குரலில் தெரிந்தது.

மறுநாள் ஓனர் வரவில்லை. பன்னிரண்டாம் நம்பர் சீட் காலியாகவே வந்தது. மடிப்புப் பிரிவுக்காரிக்குக் காய்ச்சல் விட்டு, அதற்கு அடுத்த நாள் அவளே வந்துவிட்டாள். இனி அவர் வர வேண்டியதில்லை. நான் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனேன். நிறுத்தத்தில் கைதட்டல் கேட்டு விழித்தபோது பக்கத்தில் வெள்ளைச் சட்டை. மடிப்புக்காரியைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டு, அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். கை முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. கண் கதவின் மேலேயே இருந்தது.

வண்டி பாலத்தைத் தாண்டியதும் சொன்னார். "நான் லிஃப்ட்டுல ஏற மாட்டனுங்க அம்மணி. பனியன் வாங்கற பையர்கிட்டப் பேசப் போனா எட்டு மாடியானாலும் படிதான். உடம்புக்கு நல்லதுன்னு சொல்லிக்குவேன். அவங்களும் நம்பிக்குவாங்க. எங்கூட்டுல இருக்கறவங்களுக்குக்கூடத் தெரியாது."

"வெளிய யாருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க சார்."

"அதுக்குச் சொல்லலீங்க." அவர் கம்பியை இன்னும் விடவில்லை. "இன்னைக்கு ஏறலீன்னா இனி எதுலயும் ஏற மாட்டேன்னு தோணுச்சு."

அவர் அப்படிச் சொன்னபோது என்னிடமும் மறைத்து வைத்தது ஒன்று இருப்பது உறுத்தியது. இரண்டு நிறுத்தம் வரை அதை நெஞ்சுக்குள் வைத்துப் புரட்டினேன். ராயபுரம் திருப்பத்தில் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்குத் தோட்டம் தெரியாதுன்னு சொன்னனுங்க. தெரியுமுங்க. எங்கம்மா அங்கதான் களை வெட்டுனாங்க. அந்தக் கெணத்துத் தண்ணிய மேட்டுல இருந்து ஊத்துவாங்க. கையில வாங்கிக் குடிச்சிருக்கறேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை நாளில் நேராகப் பார்த்தது அப்போதுதான். கதவு திறந்தது. எங்கள் முறை. இறங்கி வெயிலில் அடுத்தடுத்து நின்று இருவரும் பத்து எண்ணினோம். ஏறி உட்கார்ந்த பிறகு, "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்காங்க, ஊரிலேயே இருக்காங்க என்றேன். மில் சுவர் ஒன்று நீளமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது, மெதுவாகச் சொன்னார்.

"அந்தத் தோட்டம் இப்ப இல்லீங்க. அத வித்துத்தான் கம்பெனிக்கு மிஷினு எறக்குனேன். கெணத்தையும் மூடிப்போட்டாங்களாமா. நான் போய்ப் பாக்கல."

அந்தக் கிணற்றின் மேல் எனக்குக் கோபம் இருந்தது, மூடிவிட்டார்கள் என்றதும் துக்கமாகவும் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவரும் அதே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி போய்க்கொண்டே இருந்தது. சற்று நேரத்தில் அவர் தூங்கிவிட்டார். கம்பியைப் பிடித்திருந்த கை தளர்ந்து மடியில் விழுந்தது. தலை என் பக்கமாகச் சாய்ந்தது. நான் நகராமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் இன்ஜினியர் கைதட்டப் போனபோது வேண்டாம் என்று சைகை காட்டினேன். அன்று ஒரு நிறுத்தத்தில் இரண்டு ஆள் குறைந்தது.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம், ஏறியவர்களும் இறங்கியவர்களும் சரியாக இருக்கிறார்கள் என்று இன்ஜினியர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஆளுக்கு ஒரு இனிப்புப் பெட்டி கொடுத்தார்கள். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கலைந்தோம்.

மழைக்கு முன்னால் கம்பெனிக்கு ஆர்டர் வந்தது, குழந்தைகளுக்கான இரவு உடை. மிஷின்கள் ஓடின. ஓனர் காதில் மறுபடி ஃபோன் ஏறியது. முன்பு போலவே வேகமாக நடந்து போவார். ஒரு நாள் மட்டும் என் மேசைக்கு முன்னால் நின்று, ஊருக்குப் போனால் அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்க என்றார். அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். தோப்பு போனது அவளுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. ஃபோனை வைக்கும் முன்னால், அவரு நல்லா இருக்கட்டும் என்றாள்.

பேருந்தையும் ஊருக்கு விட்டாயிற்று. முதல் மாதம் பெரும் பாடு. கூட்டம் படியில் நின்றதால் கதவு மூடாமல் வண்டி நகர மறுத்தது. கை காட்டியும் நிற்காத கோபத்தில் யாரோ கல்லெறிந்து ஒரு கண்ணாடி விரிசல் விட்டது. நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் குரல் ஒன்று புதிதாகச் சேர்த்தார்கள். அது எப்போதும் ஒரு நிறுத்தம் முந்திக்கொண்டு சொல்லும். இப்போது நான் தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறேன், பெரும்பாலும் நின்றுகொண்டு.

போன வாரம் பக்கத்தில் ஒரு வடக்கத்திப் பெண், இடுப்பில் குழந்தையோடு. கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. குரல் ஆஸ்பத்திரி என்று சொன்னதும் எழுந்து கதவுக்குப் போனாள். எனக்கு இந்தி வராது. தோளைத் தொட்டு, இல்லை, அடுத்தது என்று விரலால் காட்டினேன். அவள் குரல் வந்த இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே நின்றாள். அடுத்த நிறுத்தத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்க அவளுக்கு ஒரு கை போதவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு நானும் இறங்கினேன். தூங்கிக்கொண்டிருந்தது, சூடாக இருந்தது. வாசல் வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மீதித் தூரத்தை நடந்தே கம்பெனிக்குப் போனேன்.